ஹிண்டன்பர்க்கில் வந்ததாகச் சொல்லப்படும் யுங்மைஸ்டர்: இந்த ஒரு விமானத்தின் வரலாற்றைச் சரிபார்ப்போமா?

#1 · வான்முகில்

கடந்த ஆண்டு மகளைப் பார்க்க வர்ஜீனியா சென்றிருந்தபோது, டல்லெஸ் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியனின் உத்வார்-ஹாசி மையத்தில் ஒரு முழுநாளைக் கழித்தேன். உடன் வந்தவர்கள் டிஸ்கவரி விண்ணோடத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்க, நான் கூரையிலிருந்து தொங்கிய ஒரு சிறிய ஈரடுக்கு இறக்கை விமானத்தின் கீழேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். பியூக்கர் பியூ 133 யுங்மைஸ்டர் என்பது அதன் பெயர். 1930களில் ஜெர்மனியில் வான்சாகசத்துக்கென்றே கட்டப்பட்ட, ஒருவர் மட்டும் அமரும் விமானம்.

இந்த வகை விமானங்களைப் பற்றிப் பொதுவாக நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆர்வமூட்டியது அங்கே தொங்கும் அந்த ஒரு விமானத்தின் கதை. ருமேனிய விமானி அலெக்ஸ் பாபானா அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு மைக் மர்ஃபி அதில் 1938, 1940 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க வான்சாகசப் பட்டங்களை வென்றார். போருக்குப் பின் பெவர்லி ஹோவர்டு, அதாவது எல்லோரும் ‘பெவோ’ என்று அழைத்தவர், அதை ஆண்டுக்கணக்கில் காட்சிகளில் ஓட்டி, 1971இல் அதிலேயே விழுந்து இறந்தார். சிதைந்த விமானத்தைச் சீரமைத்து, அவருடைய சொத்துகளை நிர்வகித்தோர் அருங்காட்சியகத்துக்கு அளித்தார்கள்.

எடுத்த படங்களுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது இரண்டு இடங்களில் பேனா நின்றுவிட்டது. முதலாவது, 1937இல் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் பயணிகள் வான்கப்பலில் இது அமெரிக்கா வந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பது என் மனத்துக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது, 1971இல் நொறுங்கிய விமானத்தையும் இன்று தொங்குவதையும் ஒரே விமானம் என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்? இங்குள்ள மூத்தவர்கள் உதவ வேண்டும்.

#2 · பழைய ஏடு

நல்ல கேள்விகள். அவற்றுக்குள் போகும் முன், புதிதாகப் படிப்பவர்களுக்காகப் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கார்ல் கிளெமென்ஸ் பியூக்கர் முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படையின் விமானி. போருக்குப் பின் ஜெர்மனியில் விமானத் தொழிலுக்கு வழியில்லாத நிலையில் சுவீடன் சென்று ‘ஸ்வென்ஸ்கா ஏரோ’ என்ற நிறுவனத்தை நடத்தினார். அதை விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்பி, 1933இல் பெர்லினின் யோஹானிஸ்தாலில் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். வரும்போது ஆண்டர்ஸ் ஆண்டர்சன் என்ற சுவீடன்காரரையும் வடிவமைப்பாளராக அழைத்து வந்தார். ‘ஜெர்மன் கைத்திறன்’ என்று நாம் புகழும் இந்த விமானத்தை வரைந்த கை சுவீடனுடையது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வந்தது யுங்மான் எனப்படும் பியூ 131. இருவர் அமரும் பயிற்சி விமானமான அது 1934 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. அதையே சற்றுக் குறுக்கி, வலுவூட்டி, ஓர் இருக்கையோடு அமைத்ததுதான் யுங்மைஸ்டர். அதன் முன்மாதிரி 1935இல் 140 குதிரைத்திறன் கொண்ட ஹிர்த் எஞ்சினோடு பறந்தது. ஓட்டியவர் லூயிசே ஹோஃப்மான். ஜெர்மனியில் ஒரு விமானத் தொழிற்சாலையின் விமானியாகப் பணியாற்றிய முதல் பெண். பின்னர் உற்பத்திக்கு வந்த ‘சி’ வகையில் சீமென்ஸின் ஏழு சிலிண்டர் கொண்ட ஆர எஞ்சின் (சிலிண்டர்கள் சக்கர ஆரங்களைப் போல வட்டமாக அமைந்தது), 160 குதிரைத்திறனோடு, இடம்பிடித்தது. வான்முகில் பார்த்தது இந்த வகையே.

அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும். இறக்கை நீளம் 6.6 மீட்டர், உடல் நீளம் சுமார் 6 மீட்டர், வெற்று எடை ஏறத்தாழ 425 கிலோ. நம் ஊர் அம்பாசடர் கார் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது.

#3 · தகடூரான்

வான்முகில் அம்மா சந்தேகப்பட்டது சரிதான். இதற்கு எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டியதில்லை; நாட்காட்டியே போதும்.

ஹிண்டன்பர்க் 1936 மார்ச்சில்தான் முதன்முதலாகப் பறந்தது. அந்த ஆண்டில் நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்டுக்குப் பத்து முறை போய்வந்தது. 1937இல் வட அமெரிக்காவுக்கு அது புறப்பட்டது ஒரே ஒரு முறை: மே 3 அன்று ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து. அந்தப் பயணம் மே 6 மாலை லேக்ஹர்ஸ்டில் எப்படி முடிந்தது என்பது உலகம் அறிந்த செய்தி. சில நொடிகளில் அந்த வான்கப்பல் எரிந்து தரையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. அதன் சரக்கறையில் துணியும் மரமும் போர்த்திய ஒரு விமானம் இருந்திருந்தால், அதே ஆண்டு செப்டம்பரில் அது கிளீவ்லாந்து வான்பந்தயத்தில் குட்டிக்கரணம் அடித்திருக்காது.

ஆகவே ‘1937’, ‘ஹிண்டன்பர்க்’ ஆகிய இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. ஹிண்டன்பர்க்கில் வந்தது உண்மையென்றால் ஆண்டு 1936 ஆகத்தான் இருக்க வேண்டும். 1937இல் வந்தது உண்மையென்றால் அது கடல்வழிக் கப்பலில் வந்திருக்க வேண்டும். குறிப்பை எழுதும்போது இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

#4 · நெய்தல்

ஹிண்டன்பர்க் கதை முழுவதுமே பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரமாக இருக்கலாம் என்பது என் ஐயம். ஒரு விமானத்தை இன்னொரு பறக்கும் கலத்துக்குள் வைத்து அட்லாண்டிக்கைக் கடப்பதா? கேட்கவே நாடக மேடைப் பேச்சுப் போல இருக்கிறது. பாபானா ஓர் ஆரவாரமான மனிதர் என்பதால் அவரைச் சுற்றிக் கதைகள் முளைத்திருக்கும்.

#5 · தகடூரான்

நாடகம் போல இருப்பதாலேயே பொய்யென்று தள்ளிவிட வேண்டாம், நெய்தல். 1936இல் இதே ஹிண்டன்பர்க் ஓர் ஓப்பல் ஒலிம்பியா காரைத் தென் அட்லாண்டிக்குக்கு மேலே தூக்கிச்சென்று ரியோ டி ஜெனீரோவில் இறக்கியது. முழுக் காரைச் சுமந்த கலத்துக்கு, இறக்கைகளைக் கழற்றிப் பெட்டிகளில் கட்டிய 425 கிலோ விமானம் பெரிய சுமையே அல்ல. உடல் நீளம் 6 மீட்டர்தான் என்று பழைய ஏடு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். எனவே ‘எப்படி முடியும்’ என்ற கேள்வி இங்கே எழவில்லை. ‘எந்த ஆண்டில்’ என்ற கேள்வி மட்டுமே எஞ்சுகிறது.

பாபானாவைப் பற்றி நீங்கள் சொன்னது ஒருவகையில் உண்மை. வானத்தில் கரணம் அடிப்பதற்கு முன்பே அவர் பனிச்சறுக்கு வண்டியில் உலக வெற்றியாளர். 1933இல் டுமித்ரு ஹூபெர்ட் என்ற இன்னொரு விமானியோடு சேர்ந்து இருவர் பாப்ஸ்லெட் உலகப் பட்டத்தை வென்றவர். அவருடைய யுங்மைஸ்டரின் ருமேனியப் பதிவெழுத்துகளான ‘ஒய்ஆர்-பிஏஎக்ஸ்’ என்பதை உரக்கப் படித்துப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்துகள் அவர் பெயரின் தொடக்கம் போலவும் ஒலிக்கும், லத்தீனில் ‘அமைதி’ என்றும் பொருள்படும். 1930களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு விமானத்துக்கு அந்தச் சொல் பொருந்தியதா என்பது வேறு கதை.

#6 · பழைய ஏடு

கிளீவ்லாந்து என்று தகடூரான் சொல்லிவிட்டதால், இந்த விமானத்தின் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

1937 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் தேசிய வான்பந்தயங்கள் நடந்தன. ஜெர்மனியிலிருந்து ஒட்டோ வான் ஹாகன்பர்க் பிரபு தம் சொந்த யுங்மைஸ்டரோடு வந்திருந்தார். முந்தைய ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த வான்சாகசப் போட்டியில் வென்றவர் அவர். பாபானாவும் தம் விமானத்தோடு அங்கே இருந்தார். ஹாகன்பர்க்கின் புகழ்பெற்ற வித்தை, பார்வையாளர் மேடைக்கு முன்னால் தலைகீழாக, தரைக்கு மிக அருகில் பறந்து செல்வது. அன்று அந்த அருகாமை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. தலைகீழாக இருந்த நிலையிலேயே விமானம் தரையில் மோதிச் சிதறியது. கூட்டம் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தது. மனிதர் இடிபாடுகளுக்குள்ளிருந்து தாமாகவே வெளியே வந்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். பாபானாவின் யுங்மைஸ்டரை இரவல் வாங்கி மறுபடியும் மேலே ஏறிப் பறந்து காட்டினார்.

இதில் நான் வியப்பது ஹாகன்பர்க்கின் துணிவையல்ல. அடிபட்டவுடன் உடம்பு சூடாக இருக்கும்போது மனிதர்கள் எதையும் செய்வார்கள். சற்று முன்பு அதே வகை விமானத்தை நொறுக்கிய ஒருவரிடம், கடல் கடந்து கொண்டுவந்த தம்முடைய ஒரே விமானத்தை ஒப்படைத்தாரே பாபானா, அவருடைய நெஞ்சுரத்தைத்தான் வியக்கிறேன். வான்முகில் பார்த்த விமானத்தின் இருக்கையில் அன்று தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் ஹாகன்பர்க். குறிப்பில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

#7 · செம்புலம்

கதை சுவையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்த இழை நகர்வது சரியல்ல. யுங்மைஸ்டர், நாஜி ஜெர்மனியின் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயின் போர் விமானிகளை உருவாக்கப் பயன்பட்ட விமானம். அதன் தலைவர் கோயரிங்கின் ஆணையின் பேரில் ஒன்பது யுங்மைஸ்டர்கள் கொண்ட அணி அமைக்கப்பட்டு பிரஸ்ஸல்ஸில் பறந்து காட்டியது. ஒலிம்பிக்கை ஒட்டிய விழாக்கள் யாருக்கு விளம்பரமாயின என்பதும் தெரிந்ததே. ‘அழகிய சிறு பறவை’ என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் எழுதியதாகும்.

#8 · பழைய ஏடு

ஏற்றுக்கொள்கிறேன், செம்புலம். பியூக்கர் தொழிற்சாலை 1935இல் யோஹானிஸ்தாலிலிருந்து பெர்லினுக்குத் தெற்கேயுள்ள ராங்ஸ்டார்ஃபுக்கு மாறியது. 1944 ஜூலை 20 அன்று ஜெர்மன் படை அதிகாரி ஸ்டாஃபென்பர்க் ஹிட்லரைக் கொல்லக் குண்டோடு புறப்பட்டதும் அதே ராங்ஸ்டார்ஃப் ஓடுதளத்திலிருந்துதான். ஒரே தளம் இரண்டையும் கண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விமானத்தை ஜெர்மனியைவிட நீண்ட காலம் படைப்பணியில் வைத்திருந்தது சுவிட்சர்லாந்து. ஆல்ட்டென்ரைனில் இருந்த டோர்னியர் தொழிற்சாலை சுவிஸ் விமானப்படைக்காக 52 யுங்மைஸ்டர்களைக் கட்டியது. அவை 1968 வரை பணியில் இருந்தன. இன்று உலகில் பறந்துகொண்டிருக்கும் யுங்மைஸ்டர்களில் பல அந்தச் சுவிஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை.

#9 · சுத்தியல் சுந்தரம்

நான் விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். யுங்மைஸ்டரைத் தொட்டதில்லை, துணி போர்த்திய விமானங்களைத் தொட்டிருக்கிறேன். இந்த விமானம் ஏன் இவ்வளவு பெயர் வாங்கியது என்பதை எஞ்சினின் குதிரைத்திறனை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 160 குதிரைத்திறன் அந்தக் காலத்திலேயே பெரிய வலிமையல்ல. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் எய்லரான்கள். விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டுவது இறக்கையின் பின் ஓரத்திலுள்ள இந்த அசையும் தகடுகள்தாம். அக்காலத்து ஈரடுக்கு விமானங்கள் பலவற்றில் ஓர் அடுக்கில் மட்டுமே இவை இருக்கும். டைகர் மாத் என்ற பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தில் கீழ் இறக்கையில் மட்டும். யுங்மைஸ்டரில் மேல் அடுக்கில் இரண்டு, கீழ் அடுக்கில் இரண்டு என்று நான்கு. அதற்கு மேல், பியூக்கர் விமானங்களில் எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) இரண்டுக்கும் கம்பிவடங்களுக்குப் பதில் விறைப்பான குழாய்த் தண்டுகளையும் பந்துத் தாங்கிகளையும் வைத்தார்கள். கம்பிவடம் என்றால் கப்பியில் உராயும், வெயிலில் தளரும், குளிரில் இறுகும். கை அசைத்ததற்கும் தகடு அசைவதற்கும் நடுவே நூலிழை அளவு சோம்பல் இருக்கும். தண்டில் அந்தச் சோம்பல் கிடையாது. ஓட்டியவர்கள் எல்லோரும் ‘நினைத்தவுடன் திரும்புகிறது’ என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

அடுத்து இறக்கைகளின் பின்சாய்வு. இரண்டு அடுக்குகளும் 11 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இது யுங்மானிலிருந்து வந்த சொத்து. அதில் முன்னால் உட்கார்ந்தவர் ஏறி இறங்க வழி வேண்டும். ஆகையால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளி, பாரமையம் பிசகாதபடி இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். ஒற்றை இருக்கையான யுங்மைஸ்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் சாய்வு அப்படியே தொடர்ந்தது. ஸ்னாப் ரோல் என்னும் திடீர்ச் சுழற்சியில் அது கைகொடுத்தது.

உடல், குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. இறக்கை, மரம். மேலே துணி.

#10 · இளவேனில்

சுந்தரம் ஐயா, ஒரு கேள்வி. என் பைக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெட்ரோல் ஒழுகி எஞ்சின் நின்றுவிடும். இவர்கள் மட்டும் எப்படித் தலைகீழாகப் பறந்துகொண்டே இருந்தார்கள்?

#11 · சுத்தியல் சுந்தரம்

சரியான கேள்வி, தம்பி. சாதாரணக் கார்புரேட்டரில் ஒரு சிறு மிதவை இருக்கும். எரிபொருள் மட்டம் ஏறினால் மிதவை ஏறி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கவிழ்த்தால் மிதவையும் குழம்பும், தொட்டியின் வாயிலிருந்து எரிபொருளும் விலகிப் போகும். சில நொடிகளில் எஞ்சின் இருமத் தொடங்கும். எண்ணெய்க்கும் அதே கதிதான். எண்ணெய்த் தொட்டியின் காற்றுப்போக்கி வழியே எண்ணெய் வெளியே கொட்டி, விமானியின் கண்ணாடியை மூடிவிடும்.

ஆகவே வான்சாகச விமானத்துக்கு, எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் எரிபொருளை எடுத்து ஊட்டும் அமைப்பும், எண்ணெய் வெளியேறாத அமைப்பும் தனியாக வேண்டும். யுங்மைஸ்டரைக் கட்டும்போதே அது இருந்தது. ஒரு பயிற்சி விமானத்தைப் பின்னர் மாற்றியமைத்துச் சாகசத்துக்கு விடுவதற்கும், சாகசத்துக்கென்றே பிறந்த விமானத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

#12 · நெய்தல்

மர்ஃபியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. 1938, 1940 பட்டங்களைத் தாண்டி அவர் யார்?

#13 · தகடூரான்

ஒஹையோவைச் சேர்ந்த காட்சி விமானி. ஆனால் அவர் பெயர் போர் வரலாற்றில் நிலைத்தது எஞ்சினே இல்லாத ஒரு கலத்தால். 1944 ஜூன் 6 விடியலுக்கு முன், நார்மண்டியில் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவின் முன்னணி கிளைடரை ஓட்டியவர் லெப்டினன்ட் கர்னல் மைக் மர்ஃபி. பனி நனைந்த புல்லில் பிரேக் பிடிக்காமல் வழுக்கிச் சென்ற கிளைடர் வேலி மரங்களில் மோதியது. அதில் வந்த துணைத் தளபதி டான் பிராட் இறந்தார். மர்ஃபிக்கு இரண்டு கால்களும் முறிந்தன, உயிர் தப்பினார்.

அதே போர்க்காலத்தில் பாபானா அமெரிக்காவிலேயே தங்கி, நார்த்ராப் நிறுவனத்தில் பி-61 இரவுப் போர் விமானத்தின் சோதனை விமானியாக இருந்தார். பெவோ ஹோவர்டின் ஹாதார்ன் பள்ளி தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் படைக்கு விமானிகளைப் பயிற்றுவித்தது. அதாவது, ஜெர்மன் போர் விமானிகளை உருவாக்கிய விமான வகையில் பேர் வாங்கிய மூவரும் ஜெர்மனிக்கு எதிரான அணியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். செம்புலம் கேட்ட மறுபாதி வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

#14 · வான்முகில்

எல்லோருக்கும் நன்றி. முதல் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1971 அக்டோபரில் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் நடந்த காட்சியில் ஹோவர்டு இறந்தார், விமானமும் நொறுங்கியது. அதன் பின் சீரமைத்ததைத்தான் நான் பார்த்தேன். ‘பாபானா கொண்டுவந்த விமானம் இது’ என்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது.

#15 · தேரடித்தெரு

தயங்க வேண்டாம் என்பேன். எங்கள் ஊர்த் தேரில் அச்சு மாற்றினார்கள், சக்கரம் மாற்றினார்கள், உளுத்த சிற்பப் பலகைகளைக் கழற்றிப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். ஆண்டுதோறும் வடத்தைப் பிடிக்கும் யாரும் ‘இது பழைய தேர் இல்லை’ என்று சொன்னதில்லை. ஓடிய வீதியும் இழுத்த கைகளும் தொடர்ந்திருந்தால் தேரும் தொடர்கிறது. விமானத்துக்கு மட்டும் வேறு நியாயமா?

#16 · சுத்தியல் சுந்தரம்

தேரடித்தெரு சொல்வதில் நயம் இருக்கிறது, ஆனால் பணிமனையில் அது செல்லாது. அங்கே நியாயம் வேறுதான்.

துணி போர்த்திய விமானத்தில் துணி ஒருபோதும் ‘பழையது’ அல்ல. 1970களில் ஒரு பறப்புக் கழகத்தில் புஷ்பக் என்ற இந்தியப் பயிற்சி விமானத்துக்கு மறுபோர்வை போட்ட குழுவில் நான் கடைக்குட்டி. பழைய துணியை உரித்துவிட்டு, விலா எலும்பு போன்ற மரச் சட்டங்களைச் சோதித்து, புதிய துணியை இழுத்துப் போர்த்துவோம். பிறகு மெழுகிட்ட நூலை ஒரு முழ நீள ஊசியில் கோத்து, இறக்கைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, துணியைச் சட்டத்தோடு தைப்போம். ஊசி எங்கே வெளிவரும் என்பது அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. விரலை வைத்து வாங்கியவன் நான். அதன்மேல் டோப் என்னும் பூச்சைப் பல சுற்றுகள் பூசினால், துணி சுருங்கி இறுகும். தவில் தோலைத் தட்டிப் பார்ப்பது போல விரல் மூட்டால் தட்டிப் பார்ப்போம். ஒலி கணீரென்று இருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் மேலாளர் அவசரப்படுத்தினார் என்று ஈரக்காற்றிலேயே பூசினோம். காலையில் வந்து பார்த்தால் இறக்கை முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டால் அப்படித்தான் ஆகும், வலு இருக்காது. ஒரு வாரப் பூச்சை நீக்கி, வெயில் வரும்வரை காத்திருந்து மறுபடி பூசினோம். அந்தக் கழகத்தின் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கொட்டகையும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு முழுவதும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாறியே தீரும். பெவோ ஹோவர்டு பறந்த ஆண்டுகளில் மட்டும் எத்தனை முறை உரித்திருப்பார்களோ! மரமும் அப்படித்தான். யுங்மானில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தலாம். உதிரியைக் கழற்றி மாட்டுவது பியூக்கரின் வடிவமைப்பிலேயே ஊறிய எண்ணம். அப்படியானால் விமானத்தின் அடையாளம் எங்கே இருக்கிறது? எங்களைக் கேட்டால் இரண்டு இடங்களில் என்போம்: கூட்டில் அறைந்திருக்கும் தயாரிப்பு எண் தகடு, அதோடு இடைவெளி இல்லாமல் வரும் பதிவேடு. இந்த இரண்டும் தொடர்ந்து வந்தால் சட்டப்படி அதே விமானம். அறுந்தால், பார்க்க எவ்வளவு ஒத்திருந்தாலும் அது நகல்.

#17 · தேரடித்தெரு

தகடும் தாளும்தான் அடையாளம் என்றால், தகட்டைக் கழற்றிப் புதுக் கூட்டில் அறைந்துவிட்டு ‘1936ஆம் ஆண்டு விமானம்’ என்று விற்கலாமே, ஐயா?

#18 · சுத்தியல் சுந்தரம்

விற்கிறார்கள், தம்பி. பழைய விமானச் சந்தையில் அது நடக்காத ஒன்றல்ல. அதனால்தான் ‘சட்டப்படி’ என்று அழுத்திச் சொன்னேன். ‘உண்மையில்’ என்று சொல்லவில்லை. ஹோவர்டின் விமானத்தில் அந்தச் சிக்கல் குறைவு. விழுந்த இடம், சீரமைத்த தரப்பு, கொடுத்த தரப்பு, பெற்ற அருங்காட்சியகம் என்று சங்கிலி குறுகியது. நடுவில் வியாபாரியே இல்லை.

#19 · செம்புலம்

அப்படியானால் இன்னொரு கேள்வி. சீரமைத்தவர்கள் அதற்கு ஹோவர்டின் வண்ணத்தைத்தான் பூசினார்கள். பாபானாவின் ருமேனிய எழுத்துகளை ஏன் எழுதவில்லை? வரலாற்றில் முதல் உரிமை அவருக்குத்தானே?

#20 · பழைய ஏடு

விமானத்தைக் கொடுத்தவர்கள் ஹோவர்டின் தரப்பினர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது இல்லாவிட்டாலும் அவர்கள் செய்ததே சரி என்பேன். பாபானாவிடம் அது இருந்தது குறுகிய காலம். ஹோவர்டோ அதைப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் ஊர் ஊராகக் கொண்டுபோய், கால் நூற்றாண்டுக் காலம் ஒரு தலைமுறைக்கே வான்சாகசம் என்றால் என்ன என்று காட்டினார். பாபானாவின் எழுத்துகளைப் பூசியிருந்தால், அந்த உடம்பின் பெரும்பகுதி வாழ்க்கையை அழித்து எழுதியதாகியிருக்கும். மேலும், அவர் இறந்ததும் அதில்தான். அதை மறைக்கும் வண்ணம் நேர்மையான வண்ணமாகாது.

#21 · இளவேனில்

எனக்குப் புரியாதது ஒன்று. 1935இல் வடிவமைத்த விமானத்தை 1971 வரை ஓட்ட வேண்டிய தேவை என்ன? அதற்குள் புதியவை வரவில்லையா?

#22 · தகடூரான்

வந்தன. 1960இல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த முதல் உலக வான்சாகசப் போட்டியை வென்ற செக்கோஸ்லோவாக்கியர் லாடிஸ்லாவ் பெசாக் ஓட்டியது, ஒற்றை அடுக்கு இறக்கை கொண்ட ஸ்லின் விமானம். அமெரிக்காவில் கர்ட்டிஸ் பிட்ஸ் 1940களிலேயே இன்னும் சிறிய ஈரடுக்கு விமானத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். அவருடைய தொடக்ககால விமானங்களுள் ஒன்றான ‘லிட்டில் ஸ்டிங்கர்’ பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண் விமானியின் கையில் 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் மகளிர் பட்டங்களை வென்றது. வான்முகில் அம்மா போன அதே மையத்தின் நுழைவாயிலில் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1972இல் அமெரிக்க அணி பிட்ஸ் விமானங்களோடு உலகப் பட்டம் வென்றபோது யுங்மைஸ்டரின் போட்டிக் காலம் முடிந்துவிட்டது.

ஆனால் போட்டி வேறு, காட்சி வேறு. நடுவருக்குச் செங்குத்துக் கோடு ஒரு பாகை பிசகாமல் வேண்டும். அதற்கு வலிமையான எஞ்சின் வேண்டும். பார்வையாளருக்கோ விமானம் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே, மெதுவாக, வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். யுங்மைஸ்டர் அதற்கென்றே பிறந்தது போல இருந்தது. 1960களில் மேற்கு ஜெர்மனியில் மறுபடியும் சிலவற்றைப் புதிதாகக் கட்டினார்கள் என்றால், அது வெறும் பழம்பெருமைக்காக மட்டும் இருக்காது.

இன்னொரு மரபும் அதற்கு உண்டு. வான்சாகச அசைவுகளைக் கோடும் முக்கோணமுமாகத் தாளில் எழுதும் முறையை உருவாக்கிய ஸ்பெயின் நாட்டு ஹோசே லூயிஸ் அரெஸ்டி, யுங்மைஸ்டரில் ஊறியவர். இன்றும் உலகெங்கும் விமானிகள் தங்கள் நிகழ்ச்சி நிரலை அரெஸ்டி குறியீட்டில் எழுதி ஓட்டுநர் அறையில் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள்.

#23 · சுத்தியல் சுந்தரம்

வான்முகில் அம்மா, ஒரு வேண்டுகோள். கீழேயிருந்து எடுத்த படம் உங்களிடம் இருந்தால் எய்லரான்களை எண்ணிப் பாருங்கள். மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் இணைக்கும் மெல்லிய தண்டு ஒன்று இறக்கைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். வெறுமனே நிற்கும் மற்றத் தாங்கு தண்டுகளோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது பின் ஓரத்தில் இருக்கும்.

#24 · வான்முகில்

ஐயா, நான்கு இருக்கின்றன. நீங்கள் சொன்ன தண்டு இரண்டு பக்கமும் தெரிகிறது. நான் அதுவரை அதை இறக்கையைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்: “பியூக்கர் பியூ 133 யுங்மைஸ்டர். ருமேனிய விமானி அலெக்ஸ் பாபானா அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. 1937 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் தம் விமானத்தை நொறுக்கிக்கொண்ட ஹாகன்பர்க் அன்றே இரவல் வாங்கிப் பறந்ததும் இதில்தான். மைக் மர்ஃபி 1938, 1940 பட்டங்களை வென்றதும் இதில்தான். பெவோ ஹோவர்டு 1971இல் விழுந்து இறந்ததும் இதில்தான். அதன் பின் சீரமைக்கப்பட்டு, ஹோவர்டின் வண்ணத்தில் இங்கே தொங்குகிறது.”

ஹிண்டன்பர்க்கை எடுத்துவிட்டேன். மகள்தான் அது இல்லாமல் யாரும் படிக்க மாட்டார்கள் என்று கோபித்துக்கொள்கிறாள்.

#25 · தகடூரான்

ஹிண்டன்பர்க்கை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, அம்மா. ‘ஹிண்டன்பர்க்கில் வந்ததாகச் சொல்வார்கள், அப்படியானால் 1936இல்’ என்று ஒரு வரி சேருங்கள். மகளும் சமாதானமாவாள், நாட்காட்டியும் சமாதானமாகும்.